விலங்கு குளோனிங், மரபணுப் பொறியியல் பற்றி ஸ்கூல் ப்ராஜெக்ட்: தலைப்பு முதல் வைவா வரை ஒரு முழு வழிகாட்டி

“விலங்கு குளோனிங்: வரமா, சாபமா?” என்று தலைப்பு எழுதிவிட்டீர்களா? முதல் வேலையாக அதை அடித்துவிடுங்கள். பட்டிமன்றத்துக்கு அது பொருந்தும், ஆய்வுக்கு ஆகாது. அந்தத் தலைப்பை எடுத்தால் ப்ராஜெக்ட் எப்படி வரும் என்று உங்கள் டீச்சருக்கு முன்கூட்டியே தெரியும்: முதல் பக்கத்தில் டாலி என்ற குளோன் செம்மறி ஆட்டின் படம், அடுத்து வரையறை, அப்புறம் நன்மைகள் ஐந்து, தீமைகள் ஐந்து, கடைசியில் அறிவியலை ஆக்கத்துக்குப் பயன்படுத்துவோம் என்று ஒரு வரி. எழுதியவருக்கே அதில் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை யாரும் இந்த வழிகாட்டியை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம். பள்ளியில் பெரிய லேப் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு நோட்டு, இன்டர்நெட், கட்டம் போட்ட தாள், ஒரு நாணயம், கால்குலேட்டர், இவ்வளவு போதும்.

படி 1: ஒரே ஒரு கேள்வியைப் பிடியுங்கள்

கேள்வியைப் படித்தவுடனே எந்த விலங்கைப் பற்றிப் படிக்க வேண்டும், எந்த எண்ணைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிட வேண்டும். அப்படித் தெரியாவிட்டால் கேள்வி இன்னும் அகலமாகவே இருக்கிறது, குறுக்குங்கள். நான் சிபாரிசு செய்யும் நாலு கேள்விகளைச் சொல்கிறேன், இவற்றில் ஒன்றை எடுத்தாலும் சரி, இதே அளவில் சொந்தமாக ஒன்றை யோசித்தாலும் சரி.

டாலி ஆறரை வயதில் செத்துப்போனது குளோன் என்பதாலா? அந்த வகை ஆடுகள் பொதுவாகப் பதினோரு, பன்னிரண்டு வருடம் வாழும் என்பதால் இந்தச் சந்தேகம் அப்போதே எழுந்தது. பதில் தேடினால் 1999, 2003, 2016, 2017 என்று ஒவ்வொரு கட்டத்திலும் கதை மாறுவதைப் பார்ப்பீர்கள்.

மூன்று நிறப் பூனையைக் குளோன் செய்தபோது பிறந்த குட்டிக்கு ஏன் ஆரஞ்சு நிறம் வரவில்லை? 2001 டிசம்பர் 22 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் பிறந்த சிசி என்ற பூனையின் கதை இது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, ஏனென்றால் இதை ஒரு நாணயத்தை வைத்து வகுப்பிலேயே செய்துகாட்டலாம்.

ஊரெங்கும் சினை ஊசி இருக்கும்போது எருமையை எதற்குக் குளோன் செய்ய வேண்டும்? ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தில் நடந்த வேலை இது. வீட்டிலோ தெருவிலோ மாடு வளர்ப்பவர்கள் இருந்தால் யோசிக்காமல் இதை எடுங்கள்.

அழிந்துபோன விலங்கைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? ஸ்பெயினின் பைரனீஸ் மலையில் வாழ்ந்த புகார்டோ என்ற காட்டாட்டில் கடைசியாக இருந்த சீலியா 2000 ஜனவரியில் செத்தது. அதன் உறைந்த செல்லிலிருந்து 2003இல் ஒரு குட்டி பிறந்து, நுரையீரல் கோளாறால் சில நிமிடங்களிலேயே இறந்தது. சரி, அது பிழைத்தே இருந்தாலும் சீலியா பெட்டை, கிடா எங்கிருந்து வரும்? இந்த ஒரு கேள்வியை மட்டும் வைத்தே அரை ப்ராஜெக்ட் எழுதலாம்.

படி 2: குளோனிங் வேறு, மரபணுப் பொறியியல் வேறு

தலைப்பில் இரண்டும் சேர்ந்து வருவதால் பலரும் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள், மார்க் போவது பெரும்பாலும் இங்கேதான். குளோனிங்கில் ஏற்கனவே உள்ள ஒரு விலங்கின் உட்கரு டிஎன்ஏவை எந்த மாற்றமும் செய்யாமல் அப்படியே எடுத்து இன்னொரு விலங்கை உருவாக்குகிறார்கள். மரபணுப் பொறியியலில் டிஎன்ஏவிலேயே கை வைக்கிறார்கள்: ஒரு மரபணுவைச் சேர்ப்பார்கள், நீக்குவார்கள், திருத்துவார்கள். டாலியில் வெளியிலிருந்து வந்த மரபணு எதுவும் கிடையாது. அக்வாட்வான்டேஜ் சால்மன் என்ற மீன் குளோனே இல்லை: அட்லாண்டிக் சால்மனுக்குள் சினூக் சால்மனின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவை வைத்து, அதை வருடம் முழுக்க இயங்க வைக்க ஓஷன் பவுட் என்ற இன்னொரு மீனின் டிஎன்ஏ துண்டைச் சேர்த்தார்கள். 2015 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதை உணவாக அனுமதித்தது.

இரண்டும் கைகோர்க்கும் இடமும் உண்டு. 1997இல் பிறந்த பாலி என்ற ஆட்டின் செல்லில் முதலில் மனித ரத்த உறைவுப் புரதம் ஒன்றின் மரபணுவைச் சேர்த்தார்கள், அது மரபணுப் பொறியியல். அந்தச் செல்லை வைத்து ஆட்டை உருவாக்கினார்கள், அது குளோனிங். பாலில் மருந்து சுரக்க வைப்பதுதான் நோக்கம். டாலியை உருவாக்கியவர்களுக்கும் மனதில் இருந்த பெரிய இலக்கு இதுதான், ஒரே மாதிரி ஆடுகளை வரிசையாக நிறுத்துவது அல்ல. 2025 ஏப்ரலில், அழிந்துபோன டயர் ஓநாய் திரும்பி வந்துவிட்டது என்று செய்தி வந்ததே, அதுவும் இதே கூட்டணிதான்: சாம்பல் ஓநாயின் செல்லில் 14 மரபணுக்களில் 20 திருத்தங்கள் செய்து, நாயின் கருமுட்டைக்குள் வைத்து, நாயின் வயிற்றில் வளர்த்தார்கள். பிறந்ததை டயர் ஓநாய் என்பதா, திருத்தப்பட்ட சாம்பல் ஓநாய் என்பதா என்று விஞ்ஞானிகளே சண்டை போட்டார்கள். நான் இரண்டாவது கட்சி.

நோட்டில் மூன்று நெடுவரிசை போடுங்கள்: குளோன் மட்டும், திருத்தம் மட்டும், இரண்டும். படிக்கும் ஒவ்வொரு விலங்கையும் அதில் ஒரு வரிசையில் எழுதுங்கள். எந்த வரிசை என்று சொல்ல முடியாத விலங்கைப் பற்றி இன்னும் படிக்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று: குளோன் என்பது உயிருள்ள ஜெராக்ஸ் என்று மட்டும் எழுதாதீர்கள். ஏன் என்று சிசி பூனை சொல்லும், ஆறாவது படியில் வருகிறேன்.

படி 3: செய்முறையைப் புத்தகம் பார்க்காமல் வரையும் அளவுக்குப் படியுங்கள்

குளோனிங் செய்முறையை உடற்செல் உட்கரு மாற்றம் என்று பாடப்புத்தகம் நாலு அம்புக்குறியில் முடித்துவிடும். அந்த நாலு அம்புக்குறிக்குள் என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும்.

ஸ்காட்லாந்தில் எடின்பரோ பக்கத்தில் உள்ள ராஸ்லின் நிறுவனத்தில் இயன் வில்மட், கீத் கேம்ப்பெல் குழு டாலிக்காக எடுத்தது, ஆறு வயதான ஃபின் டார்செட் பெட்டை ஆட்டின் மடியிலிருந்து வளர்த்த செல். அந்தச் செல்களை ஐந்து நாள் கிட்டத்தட்ட பட்டினி போட்டார்கள், அதாவது வளர்ப்புத் திரவத்தில் செல்லை வளர வைக்கும் சீரத்தின் (ரத்தத்திலிருந்து எடுக்கும் திரவம்) அளவைப் பத்து சதவீதத்திலிருந்து அரை சதவீதமாகக் குறைத்தார்கள். செல் பிரிவதை நிறுத்திவிட்டு ஓய்வு நிலைக்குப் போய்விடும். அந்த நிலையில் இருக்கும் உட்கருவைக் கருமுட்டை ஏற்றுக்கொள்ளும் என்பது கேம்ப்பெல்லின் யோசனை, மொத்த வேலையின் சூட்சுமமும் இதில்தான் இருக்கிறது, ஆனால் பள்ளி சார்ட்டுகளில் இதை நான் பார்த்ததே இல்லை.

இன்னொரு பக்கம், ஸ்காட்டிஷ் பிளாக்ஃபேஸ் என்ற வேறு இன ஆட்டின் கருமுட்டையை எடுத்து, நுண்ணிய கண்ணாடிக் குழாயால் அதிலிருந்த மரபுப் பொருளை உறிஞ்சி எடுத்தார்கள். மடிச் செல்லை அந்தக் காலி முட்டைக்குப் பக்கத்தில் ஒட்டவைத்து மின்துடிப்பு கொடுத்ததும் இரண்டும் ஒன்றாயின, முட்டையும் கருவுற்றதுபோலப் பிரியத் தொடங்கியது. அந்தக் கருவை ஆறு நாள் ஒரு தற்காலிக ஆட்டின் கருக்குழாயில் வைத்திருந்து, வெளியே எடுத்துப் பார்த்து, நன்றாக வளர்ந்தவற்றை மட்டும் வாடகைத் தாய் ஆடுகளின் கருப்பைக்கு மாற்றினார்கள். 1996 ஜூலை 5 அன்று டாலி பிறந்தது. பெற்றது கறுப்பு முக ஆடு, குட்டிக்கோ வெள்ளை முகம். டிஎன்ஏ சோதனையும் செய்தார்கள், ஆனால் எடுத்த எடுப்பில் கண்ணுக்குத் தெரிந்த சாட்சி அந்த முகம்தான். சார்ட்டில் தாயையும் குட்டியையும் அடுத்தடுத்து வரையுங்கள், பார்ப்பவர்கள் நின்று கேட்பார்கள்.

கர்னாலில் இதையே வேறு கைவேலையில் செய்தார்கள். முட்டையிலிருந்து உட்கருவை உறிஞ்சும் கருவி விலை அதிகம், பழகவும் நாளாகும். அதனால் முட்டையின் வெளியுறையை நொதியால் கரைத்துவிட்டு, மரபுப் பொருள் ஒதுங்கியிருக்கும் பக்கத்தை நுண்ணோக்கியில் பார்த்தபடியே மெல்லிய பிளேடால் கையாலேயே வெட்டி நீக்கினார்கள். அந்த முட்டை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் என்பதை எழுத மறக்காதீர்கள். இந்த முறையில் 2009 பிப்ரவரி 6 அன்று சம்ரூபா என்ற எருமைக் கன்று பிறந்து, சில நாட்களிலேயே நுரையீரல் தொற்றால் இறந்தது. அதே ஆண்டு ஜூன் 6இல் கரிமா பிறந்தது. 2010 ஆகஸ்டில் பிறந்த இரண்டாம் கரிமா, 2013 ஜனவரியில் மஹிமா என்ற கன்றை ஈன்றது. குளோன் எருமையும் சினைபிடித்துக் கன்று போடும் என்று காட்டிய பிரசவம் அது. 2023 மார்ச் 16இல் அதே நிறுவனத்தில் கங்கா என்ற கிர் இனக் கன்று பிறந்தது: செல் கிர் மாட்டின் வாலிலிருந்து, கருமுட்டை சாஹிவால் மாட்டிலிருந்து, சுமந்தது ஒரு கலப்பின மாடு.

படி 4: எண்களோடு மல்லுக்கட்டுங்கள்

டாலி என்றாலே 277 என்ற எண் வரும். 277 முறை தோற்று 278ஆவது முறை ஜெயித்தார்கள் என்பார்கள், 277 ஆடுகள் செத்தன என்றுகூட எழுதுவார்கள். இரண்டும் தப்பு. 277 என்பது மடிச் செல்லோடு இணைந்த கருமுட்டைகளின் எண்ணிக்கை. தற்காலிக ஆடுகளிடமிருந்து அவற்றில் 247 திரும்பக் கிடைத்தன. அந்த 247இல் நன்றாக வளர்ந்திருந்தவை 29. அந்த 29 கருக்களை 13 ஆடுகளுக்கு வைத்தார்கள். பிறந்தது ஒரு குட்டி.

இப்போது கால்குலேட்டரை எடுங்கள். 277இல் 1 என்றால் 0.36 சதவீதம். 29இல் 1 என்றால் 3.4 சதவீதம். 13 தாய்களில் 1 என்றால் 7.7 சதவீதம். வெற்றி விகிதம் எவ்வளவு என்று கேட்டால் மூன்றுமே சரியான பதில்தான், எதை எதால் வகுத்தீர்கள் என்று சொன்னால் மட்டும். ஒரு செய்தித்தாள் 0.36 என்கிறது, இன்னொன்று 3.4 என்கிறது, யார் பொய் சொல்கிறார்கள் என்று குழம்ப வேண்டாம், வகுத்த எண் வேறு, அவ்வளவுதான்.

அடுத்து மற்ற விலங்குகளோடு ஒப்பிடுங்கள், ஆனால் ஒரே கட்டத்தில் வைத்து. கருப்பைக்கு மாற்றிய கருக்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். சிசி பூனைக்கு 87 கருக்களை எட்டுப் பூனைகளுக்கு வைத்தார்கள், பிறந்தது 1. தென்கொரியாவின் ஸ்னப்பி நாய்க்கு 2005இல் 1,095 கருக்களை 123 நாய்களுக்கு வைத்தார்கள், பிறந்தவை 2, நிலைத்தது 1. சீனாவின் ஷாங்காயில் ஜோங் ஜோங், ஹுவா ஹுவா என்ற குரங்குக் குட்டிகளுக்கு 79 கருக்கள், 21 தாய்கள், பிறந்தவை 2, அந்த ஆய்வு 2018இல் வெளியானது. சதவீதம் போட்டால் பூனைக்கு 1.1, நாய்க்கு 0.18, குரங்குக்கு 2.5. இதை ஒரு பட்டை வரைபடமாகப் போட்டால் உங்கள் ப்ராஜெக்டில் நீங்களே செய்த முதல் பக்கம் தயார். ஒரு எச்சரிக்கையையும் கீழே எழுதுங்கள்: குரங்குகள் பிறக்காத சிசுவின் செல்லிலிருந்து வந்தவை, டாலி வளர்ந்த ஆட்டின் செல்லிலிருந்து. சிசுச் செல் கொஞ்சம் எளிது, எனவே இது முழுக்கச் சமமான போட்டி இல்லை.

எண்களைப் பார்த்ததும் எழ வேண்டிய கேள்வி, கருக்கள் எந்தக் கட்டத்தில் விழுகின்றன என்பது. டாலி கணக்கில் 247 என்பது 29 ஆனது ஒரு சரிவு, 29 என்பது 1 ஆனது இன்னொரு சரிவு. முதலாவதில் பெரிய பங்கு இதற்கு: வளர்ந்த செல்லின் டிஎன்ஏ மேல் நான் மடிச் செல், எனக்கு இந்த மரபணுக்கள் போதும் என்கிற மாதிரி வேதிக் குறிகள் ஒட்டியிருக்கும். கருமுட்டை அவற்றைச் சில மணி நேரத்தில் துடைத்துப் புதிதாகத் தொடங்க வைக்க வேண்டும். பெரும்பாலும் துடைப்பு அரைகுறையாக நிற்கிறது. இரண்டாவது சரிவிலும் அதே அரைகுறைதான் விளையாடுகிறது, ஆனால் அடி நஞ்சுக்கொடியில் விழுகிறது. மாடு, ஆடுகளில் குட்டி அளவுக்கு மீறிப் பெரிதாக வளர்ந்து பிரசவம் சிக்கலாவது குளோனிங்கில் தெரிந்த பிரச்சினை. இந்த ஒரு பத்தியை உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுத முடிந்தால் பாடத்தை நன்றாகவே பிடித்துவிட்டீர்கள்.

படி 5: ஆதாரம் தேடுவது, சரிபார்ப்பது

பாடப்புத்தகத்தில் தொடங்கி, விக்கிப்பீடியாவில் பெயர்களையும் ஆண்டுகளையும் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து மூலக் கட்டுரைக்குப் போங்கள். டாலி பற்றிய கட்டுரை 1997 பிப்ரவரி 27 தேதியிட்ட நேச்சர் இதழில் வந்தது, மொத்தம் நாலு பக்கம். ஆங்கிலம் கடினமாக இருக்கும், கவலை வேண்டாம். முதலில் சுருக்கம், அடுத்து அட்டவணை, படங்களுக்குக் கீழே உள்ள வரிகள், இவ்வளவு போதும். மேலே சொன்ன 277, 247, 29, 13 எல்லாம் அந்த அட்டவணையில் ஒரே வரிசையில் இருக்கின்றன. அதே அட்டவணையில் கருவிலிருந்தும் சிசுவிலிருந்தும் எடுத்த செல்களால் பிறந்த வேறு குட்டிகளும் இருக்கின்றன, அவற்றை யாரும் பேசுவதில்லை. கூகுள் ஸ்காலர், பப்மெட் என்ற ஆய்வுக் கட்டுரைத் தேடல் தளங்கள் இரண்டிலும் தேடலாம். இந்திய விலங்குகளுக்கு மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலக அறிக்கைகளும் கர்னால் நிறுவனத்தின் பக்கமும் உதவும். சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமோ மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகமோ பக்கத்தில் இருந்தால் ஒரு சனிக்கிழமையை அதற்கு ஒதுக்குங்கள்.

நோட்டில் ஒரு தகவலுக்கு ஒரு வரி, பக்கத்திலேயே எங்கிருந்து, எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுதிவிடுங்கள். கடைசி நாள் இரவில் இந்த எண் எங்கே பார்த்தேன் என்று தேடுவதைப்போல எரிச்சலான வேலை கிடையாது.

பெரிய இதழில் வந்துவிட்டால் உண்மை என்று முடிவுகட்டாதீர்கள். ஸ்னப்பியை உருவாக்கிய குழுவின் தலைவர் ஹ்வாங் வூ-சுக், மனிதக் கருவைக் குளோன் செய்து ஸ்டெம் செல் (பல வகைச் செல்லாக மாறக்கூடிய செல்) எடுத்ததாக 2004இலும் 2005இலும் சயன்ஸ் இதழில் எழுதினார். தரவு புனைந்தது என்று தெரிந்து 2006 ஜனவரியில் இரண்டு கட்டுரைகளையும் இதழே திரும்பப் பெற்றது. நாயைத் தனியாகச் சோதித்தார்கள், அது அசல் குளோன்தான். எனவே எந்தக் கட்டுரையை எடுத்தாலும் அது திரும்பப் பெறப்பட்டதா என்று ஒரு தேடல் போடுங்கள், அரை நிமிட வேலை.

ஏஐ சாட்பாட்டிடம் புரியாத பத்தியை விளக்கச் சொல்லலாம், நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆதாரக் கட்டுரையின் பெயரைக் கேட்டு அப்படியே எழுதாதீர்கள். இல்லாத கட்டுரையை ஆசிரியர் பெயரோடு கொடுத்துவிடும்.

டாலி கேள்வியை எடுத்தவர்களுக்கு ஆதாரங்களை ஆண்டு வரிசையில் அடுக்குவதே பாதி விடை. 1999இல் டாலியின் குரோமோசோம் நுனிகளான டெலோமியர்கள் வயதுக்குக் குட்டையாக இருப்பதாக வந்தது, பிறக்கும்போதே கிழ ஆடு என்று உலகமே பேசியது. 2003 பிப்ரவரி 14 அன்று நுரையீரல் கட்டியால் அவதிப்பட்ட டாலியைக் கருணைக்கொலை செய்தார்கள், அந்தக் கட்டி ஆடுகளுக்குத் தொற்றும் ஒரு வைரஸால் வருவது. 2016இல், டாலியின் அதே செல் வரிசையிலிருந்து வந்த நாலு ஆடுகள் உட்பட 13 குளோன் ஆடுகளைச் சோதித்ததில், ஏழிலிருந்து ஒன்பது வயதான அவை வயதுக்கேற்ற ஆரோக்கியத்தோடு இருந்தன. 2017இல் டாலியின் எலும்புகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, மூட்டுத் தேய்மானம் இயல்புக்கு மீறியதில்லை என்றார்கள்.

படி 6: கையால் ஏதாவது செய்யுங்கள்

சிசி பூனைக்கு வருவோம். செல் கொடுத்த பூனை ரெயின்போ வெள்ளை, கறுப்பு, ஆரஞ்சு மூன்றும் கலந்தது. பூனைகளில் ஆரஞ்சுக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, எந்த மரபணு என்பதே 2025இல்தான் ஆய்விதழில் உறுதியாக வெளிவந்தது. பெட்டைப் பூனைக்கு இரண்டு எக்ஸ். கரு சின்னதாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் இரண்டில் ஒன்றை அணைத்துவிடுகிறது, எதை என்பது குருட்டாம்போக்கு. அதன் வாரிசுச் செல்களும் அதையே பின்பற்றுவதால் திட்டுத் திட்டாக நிறம் வருகிறது. (வெள்ளைத் திட்டு வேறு மரபணுவின் வேலை, அதை இதில் இழுக்காதீர்கள்.)

பத்துக்குப் பத்து கட்டம் வரையுங்கள். நாலு கட்டங்களை ஒரு தொகுதியாக்கி, தொகுதிக்கு ஒருமுறை நாணயம் சுண்டுங்கள். தலை விழுந்தால் ஆரஞ்சு, பூ விழுந்தால் கறுப்பு. இருபத்தைந்து சுண்டலில் ஒரு பூனைத் தோல் தயார். அதே விதியில் நண்பரையும் ஒன்று செய்யச் சொல்லுங்கள். இரண்டு தாள்களும் ஒன்றாக வரவே வராது, மரபணு ஒன்றே என்றாலும் திட்டுகள் வேறு. மூன்றாவது தாள்தான் சிசி: அதன் தொடக்கம் ரெயின்போவின் ஒரே ஒரு செல், அந்தச் செல்லில் ஆரஞ்சு உள்ள எக்ஸ் ஏற்கனவே அணைந்திருந்தது, கருமுட்டை அதைத் திரும்ப எழுப்பவில்லை. எனவே ஒரே ஒரு சுண்டல்தான், பூ, தாள் முழுக்கக் கறுப்பு. இந்த மூன்று தாள்களையும் சார்ட்டில் வரிசையாக ஒட்டிவிட்டால் வாயால் விளக்க வேண்டியது பாதியாகக் குறையும். நாலாம் படியில் பார்த்த வேதிக் குறித் துடைப்பு அரைகுறையாக நிற்பதற்கு இது கண்ணுக்குத் தெரியும் உதாரணமும்கூட.

வாழைப்பழத்தில் டிஎன்ஏ எடுக்கும் சோதனையை எல்லோரும் செய்கிறார்கள்: மசித்த பழம், உப்பு, பாத்திரம் கழுவும் திரவம், வடிகட்டிய சாற்றின் மேல் ஃப்ரீசரில் குளிர வைத்த சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை மெதுவாக ஊற்றினால் வெள்ளை நூலாக மிதக்கும். பார்க்க அழகுதான், உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லாது. செய்தால் அடுப்புப் பக்கம் போகாமல் செய்யுங்கள், ஸ்பிரிட் தீப்பிடிக்கும். செம்பருத்திக் குச்சியை நட்டுத் தழைய வைப்பதும் குளோனிங்தான், நாள் இருந்தால் தொட்டியோடு கொண்டுபோகலாம். உயிருள்ள விலங்கை வைத்து எதுவும் செய்யக் கூடாது, பாக்டீரியா வளர்ப்பதும் வீட்டில் வேண்டாம்.

படி 7: ஊருக்குள் ஒரு நடை

எருமைக் கேள்வியை எடுத்தவர்கள் மாட்டாஸ்பத்திரிக்கு ஒருமுறை போய்வாருங்கள். மதியத்துக்கு மேல் போனால் கூட்டம் குறைவாக இருக்கும், பள்ளியிலிருந்து ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். குளோனிங் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று டாக்டரிடம் கேட்காதீர்கள், பொதுவாக ஏதாவது சொல்லி அனுப்பிவிடுவார். “சார், சினை ஊசி போட்டதில் நூற்றுக்கு எத்தனை மாடு முதல் ஊசியிலேயே சினை பிடிக்கும்? திரவ நைட்ரஜன் கேனைக் காட்ட முடியுமா? உறைவிந்துக் குச்சி எந்தப் பண்ணையிலிருந்து வருகிறது?” என்று கேளுங்கள், வேலையை நிறுத்திவிட்டுப் பேசுவார். உறைவிந்து மைனஸ் 196 டிகிரியில் இருக்கிறது, ஒரே கடாவிலிருந்து வருடத்துக்கு ஆயிரக்கணக்கான குச்சிகள் எடுக்கலாம். அங்கேதான் குளோனிங்குக்கு அர்த்தம் வருகிறது: பால் கொடுக்கும் எருமைகளை ஒவ்வொன்றாகக் குளோன் செய்வது கட்டுப்படியாகாது, சிறந்த கடா ஒன்று கிழடாகும்போது அதன் நகலை உருவாக்கி உறைவிந்து எடுத்தால் ஊசி வழியாகவே ஊரெங்கும் போகும். மறுபக்கத்தையும் கேளுங்கள். ஒரே கடாவின் வாரிசுகளே எங்கும் நிறைந்தால் ஒரு நோய் வந்தால் என்ன ஆகும்?

கருத்துக் கணிப்பு நடத்துவதானால் முதலில் தெரியுமா என்று கேட்டுவிட்டு அப்புறம் பிடிக்குமா என்று கேளுங்கள். “இயற்கைக்கு மாறான குளோன் மாட்டின் பாலைக் குடிப்பீர்களா?” என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள், பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துவிட்டீர்கள். தெருவில் ஐம்பது பேரிடம் கேட்டால் அது அந்த ஐம்பது பேரின் கருத்து, தமிழ்நாட்டு மக்களின் கருத்து இல்லை, அப்படியே எழுதுங்கள்.

படி 8: சரியா, தப்பா என்ற பகுதி

இதைத் தனி அத்தியாயமாக நீட்டி முழக்க வேண்டாம். உங்கள் கேள்விக்குள் வரும் விலங்கை வைத்தே பேசுங்கள். ஸ்னப்பிக்காக 123 நாய்களின் வயிற்றில் வைத்து நிலைத்தது ஒரு குட்டி என்றால் அந்த 123 நாய்கள் யாருடையவை, அவை பட்ட பாடு என்ன? 2022 ஜனவரியில் அமெரிக்காவின் மேரிலாந்தில் மரபணுவில் பத்து மாற்றங்கள் செய்த பன்றியின் இதயத்தை 57 வயது நோயாளிக்குப் பொருத்தினார்கள், அவர் சுமார் இரண்டு மாதம் வாழ்ந்தார். இதையும் அதையும் ஒரே தராசில் வைப்பீர்களா? எனக்கு இரண்டும் வேறு, செல்லப்பிராணியின் நகலுக்காக இத்தனை விலங்குகளைப் படுத்துவதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. உங்கள் முடிவு வேறாக இருக்கலாம், காரணத்தோடு எழுதுங்கள்.

சட்டம் பற்றி இரண்டு வரி போதும். இந்தியாவில் மரபணு மாற்றிய உயிர்களுக்கு 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989 விதிகள், விலங்கு ஆய்வுகளுக்கு 1960 விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். அமெரிக்காவில் குளோன் செய்த மாடு, பன்றி, வெள்ளாடுகளின் இறைச்சியும் பாலும் மற்றவற்றைப்போலவே பாதுகாப்பானவை என்று 2008 ஜனவரியில் அறிவித்தார்கள்.

படி 9: எழுதுவது, வைவாவுக்குப் போவது

முடிவை முதலில் எழுதுங்கள். கேள்வி என்ன, கிடைத்த பதில் என்ன, எந்த எண் அல்லது படம் அதைச் சொல்கிறது என்று அரைப் பக்கம். அதை எழுதியபிறகு, அதற்கு உதவாத எதையும் உள்ளே விடாதீர்கள். டாலி பெயர்க்காரணம், 1952 தவளைக் குளோனிங் வரலாறு, மரபணுப் பொறியியலில் இன்சுலின் தயாரித்த கதை எல்லாம் சுவையானவைதான், உங்கள் கேள்விக்குத் தேவையில்லை என்றால் வெளியே போகட்டும். இன்டர்நெட் படத்தை ஒட்டுவதைவிட நீங்கள் வரைந்த கோணல் படத்துக்கு மதிப்பு அதிகம்.

வைவாவில் கேட்கக்கூடியவை எனக்குத் தெரிந்து சில. டாலி நூறு சதவீதம் அசல் ஆட்டின் நகலா? இல்லை, உட்கரு டிஎன்ஏ மட்டும்தான் அந்த ஆட்டுடையது, மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ முட்டை கொடுத்த ஆட்டிலிருந்து வந்தது. குளோன் பிறக்கும்போதே அசலின் வயதில் இருக்குமா? இருக்காது, எல்லாக் குட்டியையும்போலக் குட்டியாகத்தான் பிறக்கும். டாலிக்குக் குட்டிகள் உண்டா? ஆறு, எல்லாம் இயல்பான இனச்சேர்க்கையில் பிறந்தவை. கிறிஸ்பர் குளோனிங் முறையா? இல்லை, அது டிஎன்ஏவைத் திருத்தும் கருவி, அதன் 2012 கண்டுபிடிப்புக்காக ஜெனிஃபர் டௌட்னா, இம்மானுவேல் ஷார்ப்பொந்தியே என்ற விஞ்ஞானிகளுக்கு 2020இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

எப்படியும் யாராவது ஒருவர் கேட்பார்: “அப்படியானால் மனிதனையும் குளோன் பண்ணிவிடலாமா?” தடுமாறாமல் சொல்லுங்கள், சார், இதுவரை நிரூபிக்கப்பட்ட மனிதக் குளோன் ஒன்றும் பிறக்கவில்லை, குரங்கு வரை வந்திருக்கிறார்கள், அதே ஷாங்காய் ஆய்வில் வளர்ந்த குரங்கின் செல்லை வைத்து 181 கருக்களை 42 தாய்களுக்கு வைத்ததில் பிறந்த இரண்டு குட்டிகளும் சீக்கிரமே இறந்துவிட்டன. அந்தக் கணக்கை எடுத்துக் காட்ட உங்கள் பட்டை வரைபடத்தின் ஓரத்தில் முன்கூட்டியே ஓர் இடம் விட்டுவையுங்கள்.